மண்டபத்துக்கு சிமென்ட் பூசியாச்சு, வாழ்த்துகள்

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் குழுவில் வந்த, சிமென்ட் பூசிய குளத்தங்கரை மண்டபத்தின் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பூங்கொத்து, கைகூப்பு, "நம்ம ஊருக்கே பெருமை அண்ணா". அதன் கீழே நான் போட்டது ஒரே வரி: சுண்ணாம்புக் கட்டடத்துக்கு சிமென்ட் பூசக் கூடாது. "காசு போட்டவன் பேசட்டும், நீ கம்முனு கெட" என்பதுதான் அதற்கு வந்த பதில்களிலேயே மரியாதையானது. கம்மென்று கிடக்க முடியவில்லை. நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

குளத்தங்கரை மண்டபத்துக்குக் கல் தூண், செங்கல் சுவர், மேலே செங்கல் தளம், எல்லாமே சுண்ணாம்புக் காரை. இன்றைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்க ஓர் அடுக்கு போடுவோமே, அது அங்கே கிடையாது. குளத்து ஈரம் செங்கல் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். கூட வரும் உப்பு பூச்சின் மேல் பூக்கும், பூச்சு உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். சுவருக்கு ஒன்றும் ஆகாது.

சிமென்ட் அந்த ஈரத்தை விடாது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்து பாருங்கள், புரியும். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். முதல் மழைக்காலம் தாண்டியபின் விரலால் தட்டிப் பாருங்கள், டொப் டொப் என்று பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். அந்தச் செங்கல்லுக்கு மாற்று இன்றைக்கு எந்தச் சூளையிலும் கிடைக்காது; கனமே வேறு.

"சிமென்ட்தான் சார் ஸ்ட்ராங்கு." ஆமாம், ஸ்ட்ராங்குதான். பிரச்சினையே அதுதான். பழைய செங்கல்லும் காரையும் வெயிலுக்கு விரிந்து, குளிருக்குச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சம் அசைந்துகொடுக்கும். மேலே ஒட்டியது அசைந்துகொடுக்கவில்லை என்றால் இரண்டில் பலவீனமானது உடையும். அது பழையதாகத்தான் இருக்கும். போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல். வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது 1806-இல். கோட்டையும் அதற்குள் இருக்கும் கல்யாண மண்டபமும் அதற்கும் முன்னே, விஜயநகரக் காலத்தில் எழுந்தவை. சிமென்ட் இல்லாமல் பாவம் அவர்கள் எப்படித்தான் சமாளித்தார்களோ!

சுண்ணாம்பே பிடிக்காது என்றால் அதற்கும் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை (அதாவது சுண்ணாம்புச் சாந்து) எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டாக எழுதிவைத்த பல்லவ அரசன் மகேந்திரவர்மன், மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்திருக்கிறான். போய்ப் பாருங்கள். உளி வாங்க உபயதாரர் கிடைக்காமலா போவார்?

"சுண்ணாம்பு வேலைக்கு இப்ப யாரு கீறாங்க?" என்று ஒருவர் கேட்டார். இது நியாயமான கேள்வி. ஆள் குறைவுதான், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ரகசியம் எதுவும் இல்லை. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது 2 வாரம் குழியில் விட வேண்டும். ஒரு மாதம் விட்டால் இன்னும் நல்லது. நீறாத கட்டி ஒன்று உள்ளே போனாலும் பிறகு சுவரில் ஊதிக்கொண்டு பொத்தல் விடும். 1 பங்கு சுண்ணாம்புக்கு மணலும் செங்கல்தூளும் சேர்ந்து 2 பங்கு. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறவைத்த புளித்த தண்ணீரை ஊற்றி நன்றாக அரைக்க வேண்டும். சுவரில் இணைப்புகளை ஒரு அங்குலம் சுரண்டி, தூசி தட்டி, சுவர் குடிக்கிற அளவு தண்ணீர் அடித்துவிட்டு, ஒரு பூச்சுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று தடவையாகப் பூச வேண்டும். ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரம் இருக்க வேண்டும். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் பூசினால் இறுகுவதற்கு முன்பே காய்ந்து மாவாகக் கொட்டும். கொட்டியபின் "பாத்தீங்களா, சுண்ணாம்பு நிக்கல" என்பார்கள். தை, மாசியில் செய்ய வேண்டிய வேலையை சித்திரையில் செய்துவிட்டுச் சுண்ணாம்பின் மேல் பழி.

மேல்தளத்தைப் பற்றி யாருமே பேசவில்லை, படத்தில் வராதல்லவா. ஒழுகுகிறது என்று பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக ஜல்லிக்காரை கொட்டியிருக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் செங்கல்ஜல்லிக் காரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ. ஒவ்வொரு திருப்பணிக்கும் இப்படி ஒரு அடுக்கு ஏறினால், அடியில் இருக்கும் கல் உத்தரம் ஒருநாள் நடுவில் விரிசல் விடும். அன்றைக்கு "பழைய கட்டடம், ஆபத்து" என்று போர்டு வைத்து இடித்துவிடலாம். வசதிதான்.

"நீ என்ன காசு கொடுத்தே?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, சொல்லவும் போவதில்லை. ஊர்ப் பொதுவில் ஒரு தப்பைச் சுட்டிக்காட்ட ரசீது வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? காசு கொடுத்தவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் மனசு நல்ல மனசு. அவர் பெயரைப் பொறித்த கருப்புப் பளிங்குப் பலகையை மாட்ட, தூணில் டிரில் போட்டு நாலு ஓட்டை போட்டிருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். அந்தத் தூணில் ஏற்கெனவே ஒருவர் பெயர் இருக்கிறது. பல தலைமுறைக்கு முன் இந்த மண்டபத்துக்கு நிலம் விட்டவர். அவர் எழுத்தின் மேல் இப்போது எனாமல் பெயின்ட். அவரும் உபயதாரர்தான் ஐயா.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்த கிரில் கதவு எதற்கு? பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், நூறு நாள் வேலை முடித்து வரும் பெண்கள், மழைக்கு ஒதுங்குகிற ஆடு மேய்க்கிறவர் எல்லாரும் உட்கார்ந்த திண்ணை அது. இப்போது டைல்ஸ், கிரில், பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். "அசுத்தம் பண்றாங்க"ளாம். யார் என்று மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். நமக்குத் தெரியாதா என்ன.

அதே வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறையாகச் சாமியே இல்லாமல் இருந்தது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கோட்டைக்குள் வந்தபோது வைக்க ஒரு கருவறை இருந்தது. அத்தனை காலம் பூஜை இல்லாமலும் கட்டடம் நின்றதால் இருந்தது. இன்றைக்கு எத்தனை ஜனம் கூடுகிறது பாருங்கள். கட்டடம் நின்றால் ஜனம் திரும்பி வரும். நம் மண்டபத்தில் ஜனம் இருந்தது, அதைத்தான் வெளியே தள்ளிப் பூட்டியிருக்கிறோம்.

குழுவில் இருப்பவர்களுக்குக் கடைசியாக வேலை விஷயம் மட்டும். சிமென்ட் முழுப் பலம் ஏற 28 நாள் ஆகும். பூசி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. செங்கல் சுவரில் இருப்பதை இப்போதே சின்ன உளியால், ஓரத்திலிருந்து, சாய்வாகத் தட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். எழுத்து இருக்கும் தூணில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். உளியும் கூடாது, மணல் பீய்ச்சுவதும் கூடாது, ஆசிட்டும் கூடாது. தொல்லியல் துறைக்கு ஒரு மனு எழுதி, அவர்கள் ஆள் வந்து பார்க்கட்டும். மனுவை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து போட ஊரில் பத்துப் பேர் வேண்டும். குளத்துப் பக்கச் சுவருக்கு இன்னும் பூசவில்லை, மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. கமிட்டியில் யாருக்காவது பழக்கம் இருந்தால் இன்று ராத்திரிக்குள் பேசுங்கள்.