கொம்பனுக்கு எத்தனை லெவல் போடுவது?

ஈரோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டுவோம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறிச் சேர்ந்து சாகசம் போகும் கதை விளையாட்டு; ஆள் தேறத் தேற லெவல் ஏறும். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி எதிரிகளை ஆட்டுவிக்கிறவன். புதுக் கதை ஆரம்பிக்கிறோம், ஆளுக்கொரு கேரக்டர் சொல்லுங்கள் என்றேன். தறி ஓட்டும் மாப்பிள்ளை சட்டென்று, "எனக்கு மனுசன், எல்ஃப் எல்லாம் வேண்டாமுங்க மச்சான், நான் கொம்பனா வர்றேன்" என்றான்.

பொன்னர் சங்கர் என்கிற அண்ணன்மார் கதையில் வருமே, வெள்ளாமையை நாசம் பண்ணும் அந்தக் காட்டுப்பன்றி, அதேதான். உடுக்கைச் சத்தத்தோடு அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்குச் சங்கராக வர ஆசை வந்தால் சரி. இவனுக்குப் பன்றிதான் வேண்டுமாம். "அவன் கொம்பன்னா நாங்க எதுக்குங்கண்ணா, பின்னாடி நின்னு கைதட்டவா?" என்று சின்னவன் ஒருவன் கேட்டான். ஞாயமான கேள்வி.

இந்த வழக்கு விளையாட்டோடு கூடவே பிறந்தது. 1974இல் வந்த முதல் விதிப் புத்தகத்திலேயே, டிராகனாக ஆட ஆசைப்படுகிறவர் ஆடலாம், ஆனால் குட்டியாக ஆரம்பித்துப் படிப்படியாக வளர வேண்டும் என்று ரெண்டே வரியில் சொல்லிவிட்டார்கள். என் கட்சியும் அதுதான். அப்புறம் வந்தவர்கள்தான் அதை விட்டுவிட்டுக் கணக்குப் பிள்ளை வேலையில் இறங்கினார்கள்.

2003இல் வந்த 3.5 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓகராக (மனுசனைவிடப் பெரிய முரட்டு அரக்கன்) ஆட வேண்டுமென்றால் அதன் உடம்புக்கு 4 லெவல், பலத்துக்கு அபராதமாக இன்னும் 2, ஆக 6ஆம் லெவல் ஆளாகக் கணக்கு. கேட்டால் சரியாகத்தான் படும். ஸ்ட்ரெங்த் 10 கூடுகிறதே! ஆனால் உயிருக்கு உருட்டக் கிடைப்பது 4 பகடை. பக்கத்தில் நிற்கும் 6ஆம் லெவல் சண்டைக்காரனுக்கு 6 பகடை, அதுவும் பெரிய பகடை, ஒரு சுற்றில் ரெண்டு அடி. ட்ரோல் என்கிற அரக்கன் இன்னும் பாவம். உடம்புக்கு 6, அபராதம் 5, மொத்தம் 11. அபராத லெவல்கள் உயிரும் தருவதில்லை, குறி தப்பாமல் அடிக்கும் திறனும் தருவதில்லை, தாங்கும் சக்தியும் தருவதில்லை. பார்க்க மலை மாதிரி இருக்கும் உருவம், 11ஆம் லெவல் எதிரிகளின் ஒரு மந்திரத்துக்குத் தாங்காது.

நம்ம பக்கம் ரேக்ளாவில் காளைகளைத் தரம் பிரித்து 200 மீட்டர், 300 மீட்டர் என்று தனித்தனியாக விடுவார்கள். அது போட்டி, அங்கே தரம் பிரித்தால் தீர்ந்தது. எங்கள் மேசையில் எல்லாக் காளையையும் ஒரே வண்டியில் பூட்டியாக வேண்டும். ஒன்று இழுத்து ஒன்று விழுந்தால் வண்டி குடைசாயும்.

இன்னொன்று, என்னைக் கேட்டால் ஸ்ட்ரெங்த் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை பிக்ஸி மாதிரி அரக்கர்கள்தான் (அதை அரக்கர் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது, சிறகு வைத்த குட்டித் தேவதை, ரெண்டரை அடி உயரம்). அதே பதிப்பில் 7ஆம் லெவல் மந்திரவாதி, அடித்தாலும் கலையாத மறைவு மந்திரத்தைப் போட்டால் 7 சுற்று நிற்கும், அதாவது 42 வினாடி. பிக்ஸி 5ஆம் லெவல் கணக்கிலேயே அந்த மறைவில் நாள் முழுக்க இருக்கும், போதாததற்குப் பறக்கும். டிஎம் கையில் இருக்கும் அரக்கன் நாலைந்து சுற்றில் செத்துப்போகப் பிறந்தவன். அவனிடம் அந்தச் சக்தி இருந்தால் ஒரு சண்டை சுவாரசியமாகும். அதையே ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் எல்லாச் சண்டையிலும், எல்லாக் கதவிலும், எல்லாக் காவல்காரனிடமும் வந்து நிற்கும்.

"சக்தியைக் கொடுத்துடு, ஊருக்குள்ள விடாதே, சனங்க கல்லால அடிப்பாங்கன்னு வை" என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு இது சுத்தமாக ஆகாது. நாங்கள் ஒருமுறை அப்படி ஆடியிருக்கிறோம். அரக்கன் ஊருக்கு வெளியே, அவனுக்குத் துணைக்கு மீதிப் பேரும் வெளியே, மூன்று வாரம் சத்திரத்தில் ஒரு வாய் சோறு திங்கவில்லை. தண்டனை அவனுக்கில்லை, எங்களுக்குத்தான்.

2014க்கு அப்புறமான பதிப்பில் அபராத லெவல் இல்லை. பதிலுக்கு அரக்கனையே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர் எடுக்கும் மினோட்டார் (காளைத் தலை அரக்கன்), அளவில் மனுசக் கணக்குத்தான். சண்டை சச்சரவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொம்பு வைத்த மனுசனாக ஆடுவதற்கா அவ்வளவு ஆசைப்பட்டான்?

அதனால் மாப்பிள்ளைக்கு ஒரு பன்றிக்குட்டி கொடுத்தேன். முதல் லெவலில் நல்ல மோப்பம், சின்னக் கடி, அவ்வளவுதான். கை கிடையாது. வாள் பிடிக்க முடியாது, கதவு திறக்க முடியாது, மருந்தை யாராவது வாயில் ஊற்ற வேண்டும். 4இல் முட்டித் தள்ளலாம். 6இல் உடம்பு பெருக்கும். கோரைப்பல் 8இல்தான். மற்றவர்களுக்குச் சண்டைக்காரன், மந்திரவாதி என்று எடுத்த வகுப்புக்கான திறமை கிடைக்கும் லெவலில் இவனுக்குக் கொம்பனின் ஒரு துண்டு கிடைக்கும். 2003இலேயே இப்படி அரக்கனை லெவல் லெவலாகப் பிரித்துத் தந்த புத்தகம் ஒன்று வந்தது. அபராதக் கணக்கு அதிலும் பின்னாலேயே வந்ததுதான் குறை.

முதல் ரெண்டு வாரம் மாப்பிள்ளைக்கு மூஞ்சி தொங்கிப்போனது. மூன்றாவது வாரம் புதைத்து வைத்த பெட்டியை மோப்பம் பிடித்தது அவன்தான். கைதட்டவா என்று கேட்ட சின்னவன்தான் இப்போது பன்றிக்கு மருந்து ஊற்றும் ஆள். "அது எம்பட பன்னிங்கண்ணா, பார்த்து அடியுங்க" என்கிறான் என்னிடமே.

போன வாரம் 4ஆம் லெவல் வந்துவிட்டது, முட்ட ஆரம்பித்திருக்கிறான். கதையில் கொம்பனைப் பிடிக்க உதவியது பொன்னாச்சி என்கிற குட்டி நாய். வருகிற ஞாயிறு அதைக் களத்தில் இறக்குகிறேன். மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை, யாரும் டேக் பண்ணிவிடாதீர்கள்.