பிரேக் பழுது என்று சொல்பவர் அளவையும் சொல்ல வேண்டும்

காரின் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டையும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடையும் எந்தத் தடிமன் வரை ஓட்டலாம், எதற்குக் கீழே போனால் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதைத் தயாரித்த நிறுவனமே மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. அளந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்படியிருந்தும், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்கள் பலவற்றில் ஓர் அளவைக்கூடக் குறிப்பிடாமல், "டிஸ்க் போயிடுச்சு, பேரிங் போயிடுச்சு" என்று சொல்லி, அரை லட்சம் ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். அளவைச் சொல்லாத எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

என் அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், குரோம்பேட்டையில் வசிக்கிறார். அவருடைய காருக்கு வாரன்டி முடிந்துவிட்டது. தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு போகும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டியரிங் நடுங்குவதாகவும், அடியிலிருந்து விமானம் கிளம்புவதுபோல் ஓர் இரைச்சல் வருவதாகவும் அவர் சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமான சர்வீஸுக்கு வண்டியை விட்டபோது இதையும் ஜாப் கார்டில் (வேலை விவரத் தாளில்) எழுதச் சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது: முன் டிஸ்க் இரண்டு, பேட் ஒரு செட், முன்சக்கர பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) இரண்டு, அலாய் வீல் இரண்டு, கூலி, அனைத்துக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 58 ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். கூடவே சர்வீஸ் அட்வைசரின் குரல் பதிவு ஒன்றும் வந்தது. "பிரேக் விஷயம் மேடம், ரிஸ்க் எடுக்காதீங்க. இப்பவே அப்ரூவ் பண்ணிட்டீங்கன்னா நாளைக்குச் சாயந்தரம் வண்டி ரெடி."

ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? பணம் போனால் போகட்டும், உயிர் முக்கியம் என்றுதான் நினைப்பார். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். பணம் அனுப்புவதற்கு முன் என்னை அழைத்தார்.

நான் அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில், தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரு பாகத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால், எந்த அளவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டால்தான் எங்கள் பிரிவில் அது செல்லும். "பார்த்தாலே தெரிகிறது" என்று ஒரு பயிற்சி மாணவர் சொன்னால்கூட ஏற்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் அட்வைசரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். பேடில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது? டிஸ்க்கின் தடிமன் எவ்வளவு, அதற்கான குறைந்தபட்ச அளவு எவ்வளவு? எந்தப் பக்கத்து பேரிங்கில் சத்தம், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் கிடைத்த பதில்கள் இவைதான்: "டெக்னீஷியன் செக் பண்ணிச் சொன்னது சார்", "ஓடின கிலோமீட்டருக்கு மாத்திடறதுதான் சேஃப் சார்", "பேரிங்னா ரெண்டு பக்கமும் சேர்த்துதான் சார் மாத்துவோம்." ஆதாரமாக டிஸ்க்கின் புகைப்படம் ஒன்றை அனுப்பினார். அதில் செம்மண் பூசியதுபோல் துரு தெரிந்தது. முந்தைய இரவு சென்னையில் நல்ல மழை. வார்ப்பிரும்பு டிஸ்க் ஈரத்தில் ஓர் இரவு நின்றாலே மேல் துரு பிடிக்கும். தெருமுனைக்குள் நான்கைந்து முறை பிரேக் மிதித்தால் பேடே அதைத் துடைத்தெடுத்துவிடும். இதை அறியாத சர்வீஸ் சென்டர் இருக்க முடியாது.

அளவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை தெரிந்தால் யாரும் யாரையும் மிரட்ட முடியாது. புதிய முன் பேடில் உராய்வுப் பொருளின் தடிமன் பெரும்பாலான சிறிய கார்களில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். அது 3 மி.மீ. அளவுக்கு வரும்போது மாற்றுவதற்குத் தயாராக வேண்டும், 2 மி.மீ. என்றால் தள்ளிப்போடக் கூடாது. பல பேடுகளில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டு, ஓட்டுபவருக்குத் தானே அறிவித்துவிடும். டிஸ்க்குக்கான குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அல்லது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுவாகப் புதிய டிஸ்க்கின் தடிமனில் 2 மி.மீ. அளவுக்குத்தான் தேய்மானத்துக்கு இடம் தருவார்கள். அளக்கும்போது மைக்ரோமீட்டரைப் பயன்படுத்த வேண்டும். சாதாரண வெர்னியரை வைத்தால், விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பில் தட்டிக்கொண்டு, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். அது ஓட்டுபவருக்குத்தான் ஆபத்து. ஆக, அளவைக் கேட்பது செலவைக் குறைப்பதற்கான தந்திரம் அல்ல. தேய்ந்துபோன டிஸ்க்கை நல்லது என்று சொல்லி அனுப்பிவிடாமல் காப்பதும் அதே அளவுதான்.

இனி நடுக்கத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங் எப்போது நடுங்குகிறது என்று அக்காவிடம் யாருமே கேட்கவில்லை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைச் சந்தேகிப்பது நியாயம். பிரேக்கைத் தொடாமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை வீல் பேலன்சிங்கும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது), ரிம் நெளிந்திருக்கிறதா என்பதும்தான். அக்காவின் கார் நடுங்கியது இரண்டாவது வகையில். டிஸ்க்கே காரணமாக இருந்தாலும் உடனே புதிதாகத்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலோ, வீல் நட்டுகளை ஏர் கன் கொண்டு ஒன்றைக் கூடுதலாகவும் ஒன்றைக் குறைவாகவும் முடுக்கியிருந்தாலோ டிஸ்க் நேராகச் சுழலாது. நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் அந்த ஆட்டம் தெரிந்துவிடும், 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினாலே காலில் உணர முடியும். துருவைச் சுத்தம் செய்து, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை ஒரே அளவில் முடுக்கினால் சரியாகிவிடும் வண்டிகள் உண்டு. தடிமனில் இடமிருந்தால் லேத்தில் டிஸ்க்கின் மேற்பரப்பை மெல்லச் சீவிச் சமன்செய்யும் ஸ்கிம்மிங் செய்துகொள்ளலாம். இவற்றில் எதுவும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை.

அக்கா எண்ணெய் மாற்றும் வேலைக்கு மட்டும் பணம் கட்டி வண்டியை எடுத்து வந்தார். மறுநாள் பல்லாவரத்தில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். மைக்ரோமீட்டரை நான் எடுத்துச் சென்றிருந்தேன். பேடில் 6 மி.மீ. மிச்சம் இருந்தது. டிஸ்க் குறைந்தபட்ச அளவைவிட 1 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனாக இருந்தது. வண்டியை லிப்டில் ஏற்றிய அண்ணன், ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டமே இல்லை. பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையைச் சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டார். பேரிங் கெட்டிருந்தால் அந்த ஸ்பிரிங்கில் மணல் அரைபடுவதுபோல் அதிர்வு ஏறும். எதுவும் ஏறவில்லை. "கையை வச்சுப் பாருங்க தம்பி" என்று என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதன்பின் டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும், மறு பக்கம் ரம்பப் பல்லைப்போலவும் இருந்தது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) விலகியதால் டயர் தாறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இரைச்சலும் பின்னால் போய்விட்டது. பேரிங் பழுதாக இருந்தால் இரைச்சல் இடம் மாறியிருக்காது. வண்டி இடப்பக்கம் வளையும்போது வலச்சக்கரத்தின் மீதும், வலப்பக்கம் வளையும்போது இடச்சக்கரத்தின் மீதும் சுமை ஏறுவதால் சத்தம் கூடிக் குறைந்து, எந்தப் பக்கத்து பேரிங் என்பதையும் காட்டிக் கொடுத்திருக்கும்.

அலாய் வீல்களில் ஒன்று உண்மையாகவே பள்ளத்தில் அடிபட்டு நெளிந்திருந்தது. பேலன்சிங் இயந்திரத்தில் சுழலவிட்டபோது கண்ணுக்கே தெரிந்தது. விரிசல் இல்லை என்பதால் அதை நிமிர்த்தி எடுத்தார்கள். மற்றொன்றில் ஒரு குறையும் இல்லை.

என்னை உண்மையில் கலங்க வைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அண்ணன் பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைக் கழற்றினார். பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் லைனிங் என்ற உராய்வுப் பட்டையை டிரம்மில் அழுத்தும் பாகம் வீல் சிலிண்டர். இடப்பக்க வீல் சிலிண்டரின் ஓரத்தில் இருந்த ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக நெம்பியதும், பிரேக் ஆயில் ஒரு சொட்டுத் திரண்டு, லைனிங்கின் மேல் வழிந்தது. லைனிங்கின் கீழ்ப்பாதி ஏற்கெனவே ஈரத்தில் கறுத்திருந்தது. அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடித்திருக்க வாய்ப்பில்லை. உயிருக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டிய பழுது அந்தக் காரில் ஒன்று இருந்தது. 58 ஆயிரம் ரூபாய் பட்டியலில் அது மட்டும் இல்லை. சர்வீஸ் சென்டரில் டிரம் கழற்றப்படவே இல்லை, ஆனால் அவர்கள் தந்த சோதனை அறிக்கையில் பின் பிரேக்குக்கு நேரே பச்சை டிக் இருந்தது. அவர்கள் கேட்ட முழுத் தொகையையும் அக்கா கட்டியிருந்தால், புதிய டிஸ்க்கும் புதிய பேரிங்கும் புதிய அலாய் வீலும் பூட்டிய காரை, ஒழுகும் வீல் சிலிண்டரோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் போயிருப்பார். வீல் சிலிண்டர், பின் லைனிங், பிரேக் ஆயில் மாற்றம், ரிம் வேலை, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்தும் அந்த எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, குறைந்த சம்பளத்தில், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற நெருக்கடியில் நிற்பவர்கள் அவர்கள். கஸ்டமரிடம் பேசுபவர் ஒருவர், வண்டியைப் பார்ப்பவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டில், பழுதைக் கண்டவரின் வார்த்தை வாடிக்கையாளரை எட்டுவதே இல்லை. நடுவில் நிற்கும் அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கிறது. விற்ற தொகையை வைத்து ஒருவரின் ஊக்கத்தொகையைக் கணக்கிட்டுக்கொண்டே, அவரிடமே நோய் என்ன என்று கேட்கும் ஏற்பாடு தவறானது. மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்றால் ஸ்கேனைக் காட்டுகிறார். வேறொரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றால் அதையும் கையில் கொடுத்தனுப்புகிறார். அதே நடைமுறை இங்கும் வேண்டும்.

வெளியில் வேலை பார்த்தால் வாரன்டி போய்விடும் என்ற அச்சமும் மக்களைக் கட்டிப்போடுகிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததே முக்கியமான குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரன்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், அங்கே எழுப்பப்பட்ட கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருள், சேவை ஆகியவற்றின் தரத்தையும் விலையையும் அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அதே சமயம், சர்வீஸ் சென்டர் சொல்வதெல்லாம் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மூழ்கி நின்ற கார்களில், நீர் புகுந்த பேரிங்குகளை மாற்ற வேண்டியிருந்தது நியாயமான செலவு. டிஸ்க்கில் விரிசல் இருந்தால் பேரம் பேச இடமில்லை. மலிவு என்பதற்காகப் பெயர் தெரியாத டப்பாவில் வரும் போலி பேடை வாங்கிப் பூட்டுவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் நம் பாடியிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன; அவை தம் சொந்தப் பெயரில் விற்கும் பாகங்கள் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பில்லோடு கிடைக்கின்றன. பில் இல்லாத பிரேக் பாகத்தைத் தொடவே வேண்டாம்.

அக்கா அந்த சர்வீஸ் சென்டரின் மேலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பணத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அளக்காத டிஸ்க்குக்குச் சிவப்பு டிக்கும், திறக்காத டிரம்முக்குப் பச்சை டிக்கும் எந்த அடிப்படையில் போடப்பட்டன என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஜாப் கார்டில் டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில், நான்கு சக்கரங்களுக்கும் மில்லிமீட்டர் அளவை எழுத ஒரு கட்டமும், அளந்தவர் கையெழுத்திட ஒரு கட்டமும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறார். பதில் வந்ததும் இங்கே பகிர்கிறேன். சர்வீஸ் சென்டர்களில் பணிபுரியும் நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்கள் இடத்தில் அளவு எழுதும் வழக்கம் இருக்கிறதா, இல்லையென்றால் எது தடுக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.