பேட்டரி இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றல்ல

‘பேட்டரி தீர்ந்தால் கேனனெட் ஜி3, யாஷிகா எலெக்ட்ரோ 35 இரண்டுக்கும் ஒரே கதிதான்’ என்று இந்தப் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. யாஷிகாவின் ஷட்டர் (ஃபிலிமில் ஒளி விழ நொடிப்பொழுது திறக்கும் கதவு) மின்னணு ஷட்டர். பேட்டரி இல்லாமல் 1/500 நொடி வேகத்தில் மட்டும்தான் அடிக்கும். கேனனெட்டின் ஷட்டர் முழுக்க இயந்திரம். ‘ஏ’ (ஆட்டோ) என்ற இடத்திலிருந்து லென்ஸ் வளையத்தைத் திருப்பி அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, நீங்களே வைத்தால் 1/4 முதல் 1/500 வரை எல்லா வேகமும் வேலை செய்யும். ஒளியை அளக்கும் மீட்டர் மட்டும் இருக்காது. வெயிலைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

இரண்டுமே பாதரச பேட்டரி காலத்துக் கேமராக்கள் என்பது உண்மை. கேனனெட்டுக்கு 1.35 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரியை, இடத்தில் பொருந்துவதற்கான சின்ன வளையத்தோடு போடுங்கள், மலிவுதான்.