ஹபிள் ஒட்டுப்போட்ட டெலஸ்கோப்பா?

நேற்றுக் கூட்டத்தில் ஒரு பேச்சாளர், விண்வெளியில் பூமியைச் சுற்றும் நாசாவின் ஹபிளை "ஒட்டுப்போட்டே ஓட்டின டெலஸ்கோப்" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு.

ஒட்டுப்போடவில்லை ஐயா, கேமராவை மாற்றினார்கள். 1990-இல் மேலே போன அதன் 2.4 மீட்டர் குவியாடிக் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) தட்டையாகிப்போனது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடியை இன்றுவரை யாரும் தொடவில்லை. 1993 டிசம்பரில் எண்டெவர் என்ற ஷட்டில் விண்கலத்தில் போனவர்கள், அந்தப் பிழைக்கு நேரெதிரான வளைவை உள்ளேயே வைத்திருந்த கேமராவைப் பொருத்தினார்கள். 2002-இல் இன்னொரு கேமரா, 2009-இல் இன்னொன்று. கண்ணாடி அதேதான், பார்வைதான் புதுசு.

விண்வெளித் தூசியும் வாயுவும் தூண்களாய் நிற்பதை ஹபிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தை வகுப்பில் காட்டும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "மிஸ், மேல் மூலை ஏன் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கு?" 1995-இல் எடுத்த படம் அது. 1993-இல் பொருத்திய அந்தக் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் நான்கு சில்லுகள். ஒன்று மட்டும் நெருக்கமாகப் பார்க்கும். மற்ற மூன்றோடு சேர்க்க அதன் பங்கைச் சுருக்கினால் மூலை காலியாகும். பிறகு 2009 கேமரா 2014-இல் எடுத்ததைக் காட்டுவேன். படிக்கட்டு இல்லை. அதன் அகச்சிவப்புப் படத்தில் தூசியைத் தாண்டி உள்ளே இருக்கும் நட்சத்திரங்களே தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது.

"புதுசா ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப்தான் இருக்கே" என்பீர்கள். வெப்புக்குப் புற ஊதா தெரியாது, ஹபிளுக்குத் தெரியும். போதுமா?

"இதைப் பழுதுபார்க்க உயிரைப் பணயம் வைக்கணுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் தலைவணங்குகிறேன். 2003-இல் கொலம்பியா ஷட்டில் விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். மறு வருடமே நாசா ஹபிளுக்கான கடைசிப் பயணத்தை ரத்து செய்தது. 2006-இல்தான் மறுபடி அனுமதி. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஷட்டில் கிளம்பியபோது, ஆபத்தென்றால் மீட்டுவர எண்டெவர் அடுத்த ஏவுதளத்தில் தயாராக நின்றது. தெரிந்தேதான் போனார்கள்.

போன இடத்தில் 1993-இல் வைத்த பழைய கேமராவைப் பிடித்திருந்த போல்ட் அசையவில்லை. அழுத்தித் திருகி அது முறிந்தால் பழையது வெளியே வராது, புதியது உள்ளே போகாது. விண்வெளி வீரர் ஆண்ட்ரூ ஃபாய்ஸ்டல் பூமிக்கு மேலே 500 கிலோமீட்டருக்கு அப்பால், தடித்த கையுறையோடு அதைத் திருகிக் கழற்றினார். அந்த வேலையையா கேலி செய்து கைதட்டு வாங்கினீர்கள்? கைதட்டியவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

2009-க்குப் பிறகு ஹபிளுக்கு ஒருவரும் போகவில்லை, 2011-க்குப் பிறகு ஷட்டிலும் இல்லை. 2024 ஜூனிலிருந்து திரும்பும் திசையை உணரும் கருவியான கைரோ ஒன்றே ஒன்றை வைத்துத்தான் திசை பிடிக்கிறது. இந்த நிலையிலும் அது படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவர் இதையும் சேர்த்துச் சொல்லட்டும், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.