எத்தனை மணிக்குச் சொன்னது?

மதுரை செல்லூரில் இருக்கும் எங்கள் பெரியம்மா மழைக்காலத்தில் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘வைகை அணை 69 அடி, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்று வரும். தேதி இருக்காது, மணி இருக்காது. போன வருஷம் வந்ததா, இன்று காலையில் வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அணை விஷயத்தில் நம் பக்கம் ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. வைகை அணையில் தண்ணீரைத் தேக்கும் முழு மட்டம் 71 அடி. 66 அடி வந்ததும் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கும் தகவல் போகும். ஆபத்து படிப்படியாக ஏறுகிறது, சொல்வதும் படிப்படியாக ஏறுகிறது. அதனால்தான் அந்த எண்கள் ஜனங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் 2024 அக்டோபர் 25 அன்று நம்மை அடித்தது அணைத் தண்ணீர் இல்லை. மதியம் 3 மணி வாக்கில் 15 நிமிடத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. கண்மாய்த் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் தெருவுக்குள் வந்தன. பெரியம்மா அரிசி மூட்டையைக் கட்டில்மேல் இழுத்து ஏற்றுவதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் மோட்டார் போனது. மூட்டையின் அடி நனைந்து, நாலு நாள் மொட்டைமாடியில் அரிசியைக் காயவைத்தோம்.

வானிலை மையம் மழை எச்சரிக்கையை நிறத்தில் சொல்கிறது: மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். சரி. ஆனால் அது மாவட்டம் முழுவதற்குமான நிறம். “மஞ்சள்னா நான் மூட்டையை மேல ஏத்தணுமா, வேணாமா?” என்று பெரியம்மா கேட்டால் அந்த நிறத்தில் பதில் இல்லை. அந்தந்த வார்டுக்கு யாராவது அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

காலையில் மிதமான மழை என்று சொல்லிவிட்டு மதியம் கனமழை என்று மாற்றுவது தப்பே இல்லை. வானம் மாறினால் கணிப்பும் மாறத்தான் செய்யும். மாற்றியதை மாற்றியதாகச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. “9 மணிக்கு இப்படிச் சொன்னோம், 2 மணிக்கு நிலைமை மாறிவிட்டது, பள்ளமான தெருக்காரர்கள் சாமானை மேலே ஏற்றுங்கள், மறுபடி 4 மணிக்குச் சொல்வோம்.” இப்படிச் சொன்னால் ஒருவரும் கோபப்பட மாட்டார்கள். அடுத்த தடவையும் நம்புவார்கள்.

ஆபத்து நீங்கியதையும் சொல்ல வேண்டும். ஆற்றுத் தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்து இரண்டு நாள் ஆகியும் தடுப்பு அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பையன்கள் அதை நகர்த்திவிட்டு பைக்கில் போனார்கள். அடுத்த வெள்ளத்தில் நிஜமாகவே தண்ணீர் ஓடும்போதும் அதே கை அதே தடுப்பை நகர்த்தும். அதை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

தண்டோராவை 2022-ல் அரசு நிறுத்தியது. செய்ய வேண்டியதுதான், ஒரு மனிதரைத் தப்படிக்க வைத்து ஊருக்குச் சேதி சொன்ன காலம் போகட்டும். இப்போது ஒலிபெருக்கி ஆட்டோ வருகிறது. அது தெருமுனையில் ஒரு நிமிடம் நிற்கட்டும். ஓடிக்கொண்டே சொன்னால் ‘பொதுமக்கள் அனைவரும்’ என்பதற்குமேல் காதில் விழுவதில்லை.

எங்கள் தெருக் குழுவில் இப்போது தேதியும் மணியும் இல்லாத செய்தியை யாரும் அனுப்புவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். பெரியம்மா அடுப்படிக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைக்கிறார்: ‘அணை 66, காலை 8 மணி.’