தேசிய நாடக அரங்கம் தோற்றுப்போன கட்டடம் அல்ல

ஒரு கலந்துரையாடலில் ஒருவர் சிங்கப்பூரின் பழைய தேசிய நாடக அரங்கத்தைப் பற்றிப் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். "மழைச்சாரல் அடிக்கிற அரங்கம், இடித்ததே நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது மக்கள் காசில் எழுந்த கட்டடம். "ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி" என்று சிங்கப்பூர் முழுக்க வசூல் நடந்தது. தன்னாட்சி கிடைத்ததன் நினைவாக, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில் கட்டி, 1963 ஆகஸ்ட் 8ஆம் தேதி திறந்தார்கள். வடிவமைத்தவர் ஆல்ஃபிரட் வோங். முகப்பின் ஐந்து கூர்முனைகள் கொடியின் ஐந்து நட்சத்திரங்களைக் குறித்தன. முன்னால் பிறை வடிவத்தில் நீரூற்று. 3,420 இருக்கைகள்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரும் ஒரு வெள்ளி கொடுத்திருக்கிறார். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அரங்கத்தைக் காட்டி, "அதுல நம்ம கல்லும் இருக்கு" என்பார். அவருக்கு உள்ளே போய் ஒரு நிகழ்ச்சி பார்க்கக்கூட நேரம் வாய்த்ததில்லை. ஆனாலும் அது அவருடையது. அதைக் கேலி செய்தால் எனக்கு வலிக்காதா?

பாதுகாப்புப் பிரச்சினை என்பீர்கள். சரி, 1984இல் கூரை பாதுகாப்பாக இல்லை என்று கண்டார்கள். அதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப்பாதைத் திட்டமும் இருந்ததே, அதை ஏன் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை? 1986இல் இடித்தாயிற்று.

குளிர்சாதனம் இல்லை, பக்கச் சுவர் இல்லை, மழை வந்தால் தொல்லை என்பதும் உண்மைதான். அதே அரங்கத்தில்தான் பிரதமரின் தேசிய தினப் பேரணி உரைகள் நடந்தன. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நடந்தது. 1972இல் பீ ஜீஸ் பாப் இசைக்குழுவினர் வந்து பாடினார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் இத்தனையும் தாங்கிய இடத்தைத் தோல்வி என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? காசு கொடுத்தது மக்கள். பழுது பார்க்க இன்னொரு வெள்ளி கேட்டிருந்தால் அப்பா அதையும் கொடுத்திருப்பார்.

"நிலம் குறைவான நாடு, உணர்ச்சிவசப்படாதே" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். அவருக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் இருந்த பழைய தேசிய நூலகத்தையும் 2004இல் மூடிவிட்டு இடித்தார்கள். அதுவும் சுரங்கச் சாலைக்காக, அதே குன்றின் மறுபக்கத்தில். அப்போது மக்கள் வாய்விட்டு எதிர்த்தார்கள். அப்போதும் கேட்கவில்லை.