கையை முதலில் காட்ட வேண்டியவர் எறிபவர்தான்
இரண்டு கையாலும் எறியத் தெரிந்தவருக்கு பேஸ்போலில் எப்போதும் சாதகம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். வலக்கை ஆட்டக்காரருக்கு வலக்கையாலும் இடக்கை ஆட்டக்காரருக்கு இடக்கையாலும் எறிந்தால் அடிப்பது கஷ்டம் என்பதுதான் கணக்கு. இரு பக்கமும் நின்று அடிப்பவர் எதிரே வந்தால் அது அப்படியே தலைகீழ். 2008 ஜூனில் இரண்டு கையாலும் எறியும் அமெரிக்க வீரர் பெட் வெண்டெட்டி கையுறையை மாற்ற, அடிப்பவர் பக்கம் மாற, திரும்ப இவர் மாற என்று ஆட்டமே நின்றுபோனது. அதனால் வந்த விதிப்படி எறிபவர்தான் முதலில் கையைக் காட்ட வேண்டும். அந்த அடிப்பவர் ஆட்டமிழக்கும்வரை அல்லது தளத்துக்கு ஓடும் ஓட்டக்காரராக ஆகும்வரை, எறிபவர் காயம்பட்டாலொழிய, கையை மாற்ற முடியாது. அடிப்பவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைத் தேர்வு செய்கிறார், அப்புறம் சாதகம் யாருக்கு? கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்துகூட மாற்றலாம், நடுவரிடம் சொன்னால் சரி, சொல்லாவிட்டால் நோபோல். 2024 ஜூலையில் நம் இலங்கையின் பல்லேகலையில் நம் வீரர் கமிந்து மெண்டிஸ், இந்தியாவின் வலக்கை ஆட்டக்காரர் சூரியகுமாருக்கு இடக்கையாலும் இடக்கை ஆட்டக்காரர் பண்டுக்கு வலக்கையாலும் போட்டது இப்படித்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து மைதானத்தில் தம்பியும் இரண்டு கையாலும் போடுவான். பந்தைத் தூக்கிக் காட்டி "அண்ணே, இடது" என்று அம்பயரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடி வருவான். ஒரே ஒரு தடவை சொல்லாமல் போட்டான். வலது பக்கத்தையே பார்த்து நின்ற எனக்கு பந்து தெரியவே இல்லை, நடு விக்கெட் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. அதை அவுட் என்று கொடுத்தார்கள், அது நோபோல்தான்.